எந்த வரியை எடுப்பது? கண்ணகியும் எங்கட ஆதாரங்களும்

உயர்தரத்தில் தமிழ் படித்த ஆக்களுக்கு இந்தக் கேள்வி நல்ல பழக்கம்: இன்ன பாத்திரத்தின் பண்பைத் தகுந்த ஆதாரங்களோடு விளக்குக. டியூட்டரி நோட்ஸில் அதற்கு ஒரு அச்சும் இருக்கும். ஒரு பண்பு, அதற்குக் கீழே ஒரு மேற்கோள். அடுத்த பண்பு, அடுத்த மேற்கோள். ஐந்து பண்பு சேர்ந்தால் விடை முடிந்தது. அந்தப் பழக்கம் கம்பஸ் ஒப்படை வரைக்கும் கூடவே வருகிறது. ஆனா அந்த அச்சில் ஒரு கேள்விக்கு மட்டும் இடமில்லை. நூலில் இத்தனை வரி இருக்க, ஏன் இந்த வரி?

கண்ணகியை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று விளங்கும். எங்கட ஊர்களில் கண்ணகி இரண்டு பேராக இருக்கிறாள். ஒருத்தி கற்புக்கரசி. புருஷன் விட்டுப்போனாலும் வாய் திறக்காதவள். அவன் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் சிலம்பை எடுத்துக் கொடுத்தவள். கலியாண வீட்டு வாழ்த்துமடலிலும் பட்டிமன்ற மேடையிலும் வருபவள் இவள். மற்றவள் சபையில் நின்று அரசனைக் கேள்வி கேட்டவள், ஊரை எரித்தவள். மகளிர் தினச் சுவரொட்டியில் வருபவள் அவள். இரண்டு பக்கமும் சிலப்பதிகாரத்தில் இருந்துதான் ஆதாரம் காட்டுகிறது. இரண்டு பக்கமும் காட்டுகிற வரிகள் நூலில் உண்மையாகவே இருக்கின்றன. பொய் மேற்கோள் ஒன்றுமில்லை. அப்படியென்றால் சிக்கல் எங்கே இருக்கிறது?

இந்தக் கட்டுரையில் நாங்கள் பார்க்கப்போவது அதைத்தான். கண்ணகியைப் பற்றி ஒவ்வொரு காலத்திலும் என்ன சொன்னார்கள், அதற்கு எந்த வரியை எடுத்தார்கள், எதை விட்டார்கள். எடுத்த வரியைவிட விட்ட வரி அந்தக் காலத்தைப் பற்றிக் கூடச் சொல்லும் என்பது எங்கட எண்ணம்.

முதலில் நூல்

சிலப்பதிகாரம் புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம், முப்பது காதை. பாடியவர் இளங்கோவடிகள் என்று பதிகம் சொல்கிறது. ஏடுகளில் கிடந்த நூலை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சேர்த்து உ. வே. சாமிநாதையர் 1892 இல் பதிப்பித்தார். இன்றைக்கு எங்கட கையில் இருக்கிற சிலப்பதிகாரம் அந்தப் பதிப்பின் வழியில் வந்தது.

இங்கே கவனிக்க ஒரு விஷயம் உண்டு. அடியார்க்குநல்லாரின் விரிவான உரை முழு நூலுக்கும் கிடைக்கவில்லை. நடுவில் கானல்வரிக்கு இல்லை. ஊர்சூழ்வரியோடு உரை நின்றுவிடுகிறது. வழக்குரை காதையில் இருந்து கடைசி வரைக்கும் இல்லை. அதாவது கண்ணகி அரசனுக்கு முன்னால் போய் நிற்கிற இடத்தில் அந்தப் பழைய உரையாசிரியரின் குரல் எங்களுக்குக் கேட்காமல் போகிறது. ஒரு பாத்திரத்தை நாங்கள் எந்தப் பக்கத்தால் பார்க்கிறோம் என்பதை நூல் மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் பகுதிக்கு உரை கிடைத்தது, எந்தப் பகுதி பாடத்திட்டத்துக்குள் வந்தது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இன்னொன்று, கண்ணகி எவ்வளவு பேசுகிறாள் என்பது. புகார்க் காண்டத்தில் மிகக் குறைவு. மனையறம்படுத்த காதையில் கோவலன் அவளின் அழகை நீளமாகப் புகழ்கிறான். அவள் பதில் சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. பிறகு அவன் மாதவியிடம் போகிறான். கண்ணகி வாய் திறப்பதை நாங்கள் கேட்பது கனாத்திறம் உரைத்த காதையில்தான். மதுரைக் காண்டத்தின் பின்பாதிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். சூரியனோடு பேசுகிறாள், தெருவோடு பேசுகிறாள், அரசனோடு, அக்கினியோடு பேசுகிறாள். ஆகவே புகாரில் மட்டும் ஆதாரம் பொறுக்கினால் ஒரு கண்ணகி வருவாள். மதுரையின் பின்பாதியில் மட்டும் பொறுக்கினால் வேறொருத்தி வருவாள்.

அடங்கியவள் என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தப் பக்கத்தின் ஆதாரங்களை முதலில் நேர்மையாக அடுக்குவோம். கோவலன் போன காலம் முழுக்க அவள் அவனைத் தேடிப் போகவில்லை, மாதவியைத் திட்டவில்லை. அவன் திரும்பி வந்து, குலம் தந்த செல்வத்தையெல்லாம் தொலைத்தேன், வெட்கமாக இருக்கிறது என்று சொன்னபோது சிரித்த முகத்தோடு சிலம்பு இருக்கிறது, எடுங்கள் என்கிறாள். விடியமுன்னம் அவனோடு கிளம்புகிறாள். வழியில் வேட்டுவர் ஊரில் சாமியாடுகிற சாலினி அவளைத் தெய்வமாகப் புகழும்போது, இந்த அம்மா அறியாமல் சொல்கிறா என்று கோவலனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறாள். மாதரி வீட்டில் சமைத்துப் பரிமாறுகிறாள். போதாதா?

போதாது. முதலாவது, இந்தக் காட்சிகளில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கண்ணகியைப் பற்றிச் சொல்வது. கோவலன் புகழ்கிறான், கவுந்தியடிகள் புகழ்கிறார், சாலினி புகழ்கிறாள். ஒருவர் இன்னொருவரைப் பற்றிச் சொல்வது முதலில் சொன்னவரின் மனதுக்குத்தான் ஆதாரம். கோவலனின் புகழ்ச்சி அவனுக்கு அவள் எப்படித் தெரிந்தாள் என்பதைக் காட்டும். அவள் எப்படிப்பட்டவள் என்பதற்கு அது பாதிச் சாட்சி.

இரண்டாவது, கண்ணகி நூலில் முதன்முதலாக வாய் திறக்கும் காதையை இந்தப் பக்கத்தார் எப்படி வாசிக்கிறார்கள் என்று பாருங்கோ. தோழி தேவந்தி ஒரு வழி சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரண்டு பொய்கையிலும் நீராடி, காமவேள் கோட்டத்தில் கும்பிட்டால் கணவனோடு சேர்ந்து வாழலாம். கண்ணகி மறுக்கிறாள். அது தனக்குப் பெருமையில்லை என்கிறாள். அவ்வளவுதான், ஒரே ஒரு சின்ன வசனம். கற்புடைய பெண் கணவனைத் தவிர வேறு தெய்வம் தொழமாட்டாள், அதனால்தான் மறுத்தாள் என்று காலங்காலமாக விளக்கம் சொல்லி வருகிறார்கள். அந்த விளக்கம் சரியாகவும் இருக்கலாம். ஆனா அவள் வாயில் வருகிற சொல் பெருமையைப் பற்றியது. கணவன் வேண்டும் என்பதற்காக எதையும் செய்கிற ஆள் நானில்லை என்று வாசிக்கவும் அந்தச் சொல்லில் இடமிருக்கிறது. சொல் அவளுடையது, காரணம் நாங்கள் கொண்டுபோய் வைத்தது. இந்த இரண்டையும் ஒன்றாக்கி மேற்கோள் காட்டுவதில்தான் முதல் சிக்கல்.

ஒரே பேச்சு, இரண்டு துண்டு

எங்களைக் கேட்டால் கண்ணகி பற்றிய விவாதம் முழுவதும் ஒரு பேச்சுக்குள் அடங்கும். அது கொலைக்களக் காதையில் இருக்கிறது. மதுரையில் மாதரி வீட்டில் சாப்பிட்டு முடிந்தபின் கோவலன் தன் பிழைகளை நினைத்து வருந்துகிறான். நான் வா என்றதும் ஏன் எழுந்து வந்தாய், என்ன காரியம் செய்தாய் என்று கேட்கிறான். கண்ணகி பதில் சொல்கிறாள்.

அந்தப் பதிலை எங்கட வசனத்தில் சொன்னால் இப்படி வரும். நீங்கள் இல்லாததால் அறவோருக்குக் கொடுக்கவும், அந்தணரைப் பேணவும், துறவிகளை எதிர்கொள்ளவும், விருந்தினரை வரவேற்கவும் எனக்கு வழியில்லாமல் போனது. உங்கட அம்மாவும் அப்பாவும் வந்தபோது என் நோவை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கண்டு அவர்கள் உள்ளுக்குள் வருந்தினார்கள். நல்லவர்கள் ஏற்காத நடத்தையை நீங்கள் நடந்தீர்கள். உங்கட சொல்லை மாற்றாத வாழ்க்கை என்னுடையது, அதனால் எழுந்து வந்தேன்.

பட்டிமன்றத்தில் இதன் கடைசித் துண்டு வரும்: சொல்லை மாற்றாத வாழ்க்கை. பெண்ணியக் கட்டுரையில் அதற்கு முதல் துண்டு வரும்: ஏற்காத நடத்தை நடந்தீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி வருகிற வரிகள். ஒரு மூச்சில் சொன்னது. கண்டிக்கிற அதே வாய்தான் நான் வந்தேன் என்றும் சொல்கிறது. அதிலும் அவள் சொல்கிற வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் தான் இழந்ததை எண்ணிச் சொல்கிறாள், பிறகு அவன் பெற்றோரின் வருத்தம், பிறகு அவன் பிழை, கடைசியில்தான் தன் நிலை. ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்வது போல இருக்கிறது. பேசாமல் இருந்த காலம் முழுக்க அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

இந்தப் பேச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. முதல் சொன்ன சிரித்த முகம் ஞாபகம் இருக்கும். சிலம்பைத் தருகையில் சிரித்தாள், ஆகவே அவளுக்குக் கோபமே இல்லை என்று சொல்வது எளிது. ஆனா நான் பொய்யாகச் சிரித்ததுண்டு என்று கண்ணகியே பின்னால் சொல்கிறாள். அந்தச் சிரிப்பும் இந்தச் சிரிப்பும் ஒன்று என்று நூல் சொல்லவில்லை. இருந்தாலும் கண்ணகி சிரித்தால் உள்ளுக்குள் ஒன்றுமில்லை என்று எடுக்கக்கூடாது என்பதற்கு அவள் வாய்மொழியே போதும். ஒரு வரியை இன்னொரு வரியோடு வைத்துப் பார்க்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

எதிர்த்தவள் என்பதற்கு என்ன ஆதாரம்?

இந்தப் பக்கத்துக்கும் அதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும். கணவன் கொல்லப்பட்ட செய்தி கேட்டதும் என் கணவன் கள்வனா என்று சூரியனைக் கேட்கிறாள். தெருவில் இறங்கி, இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். அரண்மனை வாசலில் நின்று காவலனிடம் அரசனின் பிழையைச் சொல்லியே தன் வரவை அறிவிக்கச் சொல்கிறாள். சபையில் வழக்குச் சொல்லி வெல்கிறாள். இடது முலையைத் திருகி எறிந்து ஊரை எரிக்கிறாள். தமிழில் வேறெந்தப் பழைய நூலிலும் ஒரு பெண் இப்படி அரச சபையை நடுங்க வைத்ததில்லை என்று சுவரொட்டிக்காரர் சொன்னால் நாங்களும் தலையாட்டுவோம்.

ஆனா அந்தச் சுவரொட்டியில் வராத வரிகள் இருக்கின்றன. எரிக்கும்போது ஆரை விடவேண்டும் என்று அக்கினி கேட்க, பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். அந்தப் பட்டியலில் அக்காலச் சமூகத்தின் படிநிலை அப்படியே இருக்கிறது. எரிக்க முன்னம் வஞ்சினம் சொல்லும்போது புகாரில் பிறந்த ஏழு பத்தினிப் பெண்களின் கதையைச் சொல்லித்தான் தன் பலத்தை நிறுவுகிறாள். அவளின் கோபத்துக்கு அடியில் இருப்பது கற்பு என்ற அதே எண்ணம்தான். பிறகு மதுராபதித் தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலன் செய்த வினையால் வந்த சாபம் இது என்று காரணம் சொல்கிறது. வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் முன் தெய்வமாகத் தோன்றும்போது பாண்டியனில் குற்றமில்லை, நான் அவனுக்கு மகள் என்று கண்ணகியே சொல்கிறாள். அரசனைக் குற்றவாளியாக்கிய அதே வாய் அவனை விடுவிக்கிறது. கிளர்ச்சிக்காரி என்று மட்டும் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டு வகைப் பத்தினி என்ற எண்ணம் நூலுக்குள்ளேயும் இருக்கிறது. கணவன் இறந்ததும் உடனே உயிர்விட்ட பாண்டிமாதேவி ஒருத்தி, கோபத்தோடு எங்கட நாட்டுக்கு வந்த இவள் ஒருத்தி, இருவரில் ஆர் பெரியவர் என்று செங்குட்டுவன் தன் தேவியிடம் கேட்கிறான். அவள் ஒருத்தியைத் தாழ்த்தவில்லை. அந்த அரசிக்கு வானுலகில் சிறப்புக் கிடைக்கட்டும், எங்கட நாட்டுக்கு வந்தவளை நாங்கள் வணங்குவோம் என்கிறாள். இன்றைய பட்டிமன்ற நடுவர்களைவிட அந்த அரசி தெளிவாக இருந்திருக்கிறாள்.

எந்தக் காலம் எந்தக் காதையை எடுத்தது?

இனி வரலாற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டை ஏற்கவில்லை. அவள் சமண வணிகக் குலப் பெண், சைவத் தெய்வமில்லை என்பது அவர் பக்க வாதம். யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பின்னாளில் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி போன்ற பெயர்களுக்கு மாறின. சமணம் என்பதற்குச் சிலப்பதிகாரத்தில் ஆதாரம் உண்டு: கவுந்தியடிகள் சமணத் துறவி, கோவலனும் சாவக நோன்பு வழியில் வந்தவனாகவே காட்டப்படுகிறான். ஆனா அதே நூலில் கண்ணகியின் கலியாணத்தைப் பார்ப்பான் மறைவழியில் நடத்துகிறான். வேட்டுவர் கொற்றவையைப் பாடுகிறார்கள், ஆய்ச்சியர் மாயவனைப் பாடிக் குரவை ஆடுகிறார்கள். எந்தச் சமயத்தார் தேடினாலும் ஒரு வரி கிடைக்கிற நூல் இது. அப்படிப்பட்ட நூலில் இருந்து ஒரு சமயத்துக்கு மட்டும் வரி எடுக்கும்போது எடுத்தவரின் தேவைதான் முன்னுக்கு வருகிறது.

20ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் வேறு தேவை வந்தது. சிலம்புச் செல்வர் என்று பெயரெடுத்த ம. பொ. சிவஞானம் சோழ, பாண்டிய, சேர நாடுகள் மூன்றையும் ஒரு கதைக்குள் கொண்டுவந்த நூலாக இதை ஊர் ஊராகப் பேசினார். அதற்கு வஞ்சிக் காண்டம் தேவைப்பட்டது. 1964 இல் மு. கருணாநிதியின் கதை வசனத்தில் வந்த பூம்புகார் படத்துக்கு வழக்குரை காதை தேவைப்பட்டது. 1968 இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரீனாக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை வைத்தார்கள். கையில் சிலம்போடு நீதி கேட்டு நிற்கிற கண்ணகி. முப்பது காதையில் ஒன்றைத்தான் சிலையாக்க முடியும். அவர்கள் எடுத்தது அதை. அந்தச் சிலை 2001 இல் அகற்றப்பட்டு 2006 இல் மீண்டும் வைக்கப்பட்டதும் ஒரு பெரிய அரசியல் கதை. அதே திராவிட இயக்கத்தின் முன்னோடியான பெரியாரோ சிலப்பதிகாரத்தையே கடுமையாகத் தாக்கினார். பெண்ணடிமைத்தனமும் மூடநம்பிக்கையும்தான் அவர் கண்ணுக்குப் பட்டன. ஒரே நூல், ஒரே நூற்றாண்டு, கிட்டத்தட்ட ஒரே இயக்க வட்டம். எடுத்த காதைதான் வேறு.

இதில் எவரும் வரிகளைத் திரிக்கவில்லை. தங்களுக்குத் தேவையான வரியை எடுத்தார்கள். சிலை வைக்கிறவருக்கும் மேடையில் பேசுகிறவருக்கும் அது வழக்கம். படிக்கிற எங்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை.

எங்கட கண்ணகி எந்த நூலில் இருக்கிறாள்?

இலங்கையில் இருந்து கண்ணகியைப் பற்றி எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. எங்கட கோயில்களில் இருக்கிற கண்ணகி சிலப்பதிகாரத்துக் கண்ணகி மட்டுமில்லை. மட்டக்களப்புப் பக்கத்தில் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கின்போது படிப்பது கண்ணகி வழக்குரை. அதில் அவள் மாங்கனியாகத் தோன்றி, பாண்டியன் வீட்டில் பிள்ளையாகி, பேழையில் வைத்து நீரில் விடப்பட்டு, வணிகர் கைக்குப் போய்ச் சேர்கிறாள். அவளின் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கடலோடி வெடியரசனோடு போர் செய்கிறான். மதுரையை எரித்து வந்தவளை ஆயர் வெண்ணெய் சாத்திக் குளிர்விக்கிறார்கள். சடங்கின் முடிவில் வருகிற திருக்குளிர்த்தி அந்த நினைவுதான். சிலப்பதிகாரத்தில் இந்தப் பிறப்புக் கதையும் இல்லை, கடலோட்டும் இல்லை, குளிர்த்தியும் இல்லை.

சிங்கள மக்களின் பத்தினித் தெய்வமும் இந்த மாங்கனிக் கதையில் இருந்துதான் வருகிறாள். அங்கே கொல்லப்பட்ட பாலங்கனை, அதாவது கோவலனை, பத்தினி உயிரோடு எழுப்புகிறாள். கிழக்கில் கொம்புமுறியும் தெற்கில் அங்கெலியவும் ஒரே மாதிரி விளையாட்டு. ஊர் இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் கோவலனுக்கும் மறுபக்கம் கண்ணகிக்கும் நின்று கொம்பு இழுக்கும். கண்ணகிக்காகப் பக்கம் பிரிவது எங்களுக்குப் பழைய வழக்கம்தான்.

ஆகவே கண்ணகி பாண்டியன் மகள் என்று ஒருவர் எழுதினால் முதலில் கேட்கவேண்டியது எந்த நூலில் என்று. சிலப்பதிகாரத்தில் அது தெய்வமான பின் அருளாகச் சொல்கிற சொல். வழக்குரையில் அது பிறப்பு. இரண்டையும் கலந்து ஒரு ஆதாரமாக்கினால் இரண்டு நூலுக்கும் நியாயம் செய்யவில்லை.

நூல் மாற்றி ஆதாரம் எடுப்பதால் வரலாற்றிலேயே என்ன நடக்கும் என்பதற்குக் கயவாகு நல்ல உதாரணம். செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது கடல்சூழ் இலங்கையின் அரசன் கயவாகுவும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அவனை மகாவம்சத்தில் வருகிற 2ஆம் நூற்றாண்டு முதலாம் கஜபாகுவோடு இணைத்து, வி. கனகசபைப்பிள்ளை போன்றவர்கள் செங்குட்டுவனின் காலத்தையும் அதன் வழியாகச் சங்க காலத்தையும் கணித்தார்கள். ஆனா மகாவம்சம் அந்தக் கஜபாகுவைப் பற்றிச் சொல்லும்போது பத்தினியைப் பற்றியோ சேர நாட்டுப் பயணத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்தான் என்பது மிகப் பின்னால் எழுந்த இராஜாவலியவில் வருகிறது. கணநாத் ஒபயசேகர இந்தக் கஜபாகு கதையை வரலாற்றுச் செய்தியாக எடுக்கமுடியாது, அது தொன்மம் என்று வாதிட்டார். பத்தினி வழிபாட்டைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1984 இல் வந்தது. ஒரு காப்பிய வரி ஒரு மொழியின் கால அட்டவணையையே தாங்க வைக்கப்பட்டது. அவ்வளவு பாரம் அந்த வரி தாங்குமா என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

சிலம்பை உடைத்துப் பார்க்கிறது

ஆதாரத்தை எப்படி எடுப்பது என்பதற்கு நாங்கள் வெளியில் போய் முறை தேடத் தேவையில்லை. சிலப்பதிகாரத்தின் நடுவில் இருப்பதே ஆதாரம் பற்றிய வழக்குத்தான்.

அரசியின் சிலம்பைக் களவெடுத்தது பொற்கொல்லன். கோவலன் விற்கக் கொண்டுவந்த சிலம்பு வெளித்தோற்றத்தில் அதைப் போலவே இருக்கிறது. ஊடியிருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருந்த பாண்டியன் நெடுஞ்செழியன் வழியில் பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல் ஆணை இடுகிறான். கொல்லப்போன காவலரில் ஒருவன் கோவலனைப் பார்த்துவிட்டு இவன் களவெடுக்கிற ஆள் போல இல்லை என்கிறான். உடனே பொற்கொல்லன் கள்வர் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று நீளமாக விளக்கி அந்தச் சந்தேகத்தை மூடுகிறான். அரசனின் தரப்பில் ஆதாரம் என்று இருந்தது இரண்டுதான்: ஒரே மாதிரித் தெரிந்த ஒரு சிலம்பு, ஆதாயமுள்ள ஒருவனின் சொல். எதிராக இருந்த சாட்சியம் கேட்கப்படவேயில்லை.

கண்ணகி சபைக்கு வந்து அரசனை ஆராயாத அரசன் என்றுதான் விளிக்கிறாள். அவளின் குற்றச்சாட்டு முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பிறகு அவள் அழுது வாதாடவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். எங்கட சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பைக் கொண்டுவரச் சொல்லி உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது. வெளியில் ஒன்று போல இருக்கும் இரண்டு பொருளை உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

மேற்கோளும் அப்படித்தான். ஒரு வரி எங்கட கருத்துக்குப் பொருந்துவது போல வெளியில் தெரியும். அதை எழுத முன்னம் நாலு கேள்வி கேட்கலாம். இதை ஆர் சொல்கிறது, பாத்திரமா, இன்னொருவரா, நூலாசிரியரா? எந்தச் சமயத்தில், ஆருக்குச் சொல்கிறது? இதற்கு முன்வரியும் பின்வரியும் என்ன? என் கருத்துக்கு எதிராக இதே நூலில் எந்த வரி இருக்கிறது? கடைசிக் கேள்விதான் முக்கியம். எதிர்வரியைத் தானே எடுத்து வைத்து அதற்குப் பதில் சொல்கிற கட்டுரைதான் நம்பத்தக்கது. அந்தக் காவலனின் சந்தேகத்தைப் பாண்டியன் கேட்டிருந்தால் கதையே வேறு.

இந்த நாலு கேள்வியையும் கேட்டபிறகு கண்ணகியைப் பற்றி நாங்கள் என்ன சொல்வோம்? சிலப்பதிகாரத்துக் கண்ணகி முதலில் அடங்கி இருந்து பிறகு மாறியவள் இல்லை. எது தகும், எது தகாது என்பதை முதலில் இருந்தே தானாக எடைபோடுகிறவள். தேவந்தியிடம் அது பெருமையில்லை என்றது, கோவலனிடம் நீங்கள் செய்தது ஏற்கத்தக்கதில்லை என்றது, பாண்டியனிடம் நீ ஆராயவில்லை என்றது, மூன்றும் ஒரே குரல். கேட்கிற ஆள்தான் தோழியில் இருந்து கணவனாகி, கணவனில் இருந்து அரசனாகிறான். எங்களுக்கு எதிரான வரியையும் சொல்லிவிடுகிறோம்: பாண்டியனில் குற்றமில்லை என்று அவள் கடைசியில் சொல்வது. பாண்டியன் தன் பிழையைச் சபையிலேயே ஒத்துக்கொண்டு உயிரைவிட்டவன், கணக்கு அங்கே தீர்ந்துவிட்டது, அதனால்தான் அப்படிச் சொன்னாள் என்பது எங்கட வாசிப்பு. காப்பியம் அரசனைக் காப்பாற்றப் பார்க்கிறது என்று வாசிக்கவும் இடமிருக்கிறது. அதை மறைக்க மாட்டோம்.

எங்கட மண்ணில் இது சும்மா இலக்கியக் கதை இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். படமும் கோப்பும் கையில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் இருக்கிற அந்த அம்மாக்களைக் கண்ணகியோடு ஒப்பிட்டு எழுதாதவர்கள் குறைவு. ஒப்பிடலாம். கையில் மற்றச் சிலம்பை வைத்திருந்தவள் அவள், கையில் படத்தையும் கடிதங்களையும் வைத்திருப்பவர்கள் இவர்கள். ஆனா ஒப்பிடுகிறவர் வழக்குரை காதையை முழுதாக வாசிக்க வேண்டும். கண்ணகிக்குச் சபைக் கதவு திறந்தது. அரசன் கேட்டான், பதில் சொன்னான், தன் சிலம்பைப் பரிசோதிக்க விட்டான், பிழை என்று தெரிந்ததும் தானே கள்வன் என்றான். எல்லாம் ஒரே நாளில். இந்த அம்மாக்களின் ஆதாரத்தை எந்தச் சபை திறந்து பார்த்தது? அந்த வேறுபாட்டை விட்டுவிட்டு நவீன கண்ணகிகள் என்று தலைப்புப் போட்டால் அது புகழ்ச்சி மட்டும்தான், அவர்களுக்கு அதனால் ஒன்றும் நடக்காது.

மற்றப் பக்கமும் இப்படித்தான். கண்ணகியைப் போல இருக்க வேணும் என்று எங்கட பெட்டையளுக்குச் சொல்கிற பெரியாக்கள் எல்லா ஊரிலும் இருக்கினம். அவர்களோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. எந்தக் காதையில் வாற கண்ணகி என்று மட்டும் கேட்டுப் பாருங்கோ.